பக்கத்து வீட்டுக் கூக்குரல்



வீடு மந்திரிக்கப் போகும் இடமெல்லாம் இப்போது ஒரே காட்சியைக் காண்கிறேன். வாசலில் இரும்புக் கிராதி, அதற்குள் கதவு, கதவில் இரண்டு பூட்டு, தலைக்கு மேல் கேமரா. "காலம் கெட்டுக் கிடக்கிறது, சுவாமி. கழுத்துச் சங்கிலியை அறுத்துக் கொண்டு பைக்கில் பறந்து விடுகிறான்" என்கிறார்கள். மெய்தான். பூட்டுவது பாவமல்ல, விவேகமே. ஆனால், "பக்கத்து வீட்டில் இருப்பது யார்?" என்று கேட்டால், "யாரோ புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள்" என்பதோடு பேச்சு நின்று விடுகிறது. கள்ளனுக்கென்று போட்ட பூட்டு அயலானையும் வெளியே நிறுத்தி விட்டதோ?

நியூயார்க் நகரத்தில் க்யூ கார்டன்ஸ் என்றொரு குடியிருப்பு உண்டு. 1964-ம் வருஷம் மார்ச் 13-ந் தேதி, பின்னிரவு மூன்று மணிக்கு மேல், கிட்டி ஜெனோவீஸ் என்னும் 28 வயதுப் பெண் வேலை முடிந்து வீடு திரும்பினாள். ஒருவன் பின்தொடர்ந்து வந்து கத்தியால் குத்தினான். அவள் அலறினாள். மாடி ஜன்னலிலிருந்து ஒருவர் அதட்டவே, அவன் விலகினான். அவள் தள்ளாடிக் கொண்டு கட்டடத்தின் பின்புறம் போய் விழுந்தாள். யாரும் கீழே இறங்கி வரவில்லை. அவன் திரும்பி வந்து அவளைத் தேடிப் பிடித்து மீண்டும் குத்தினான்.

இரண்டு வாரம் கழித்து அந்நகரத்துப் பெரிய பத்திரிகை ஒன்று, 38 பேர் பார்த்திருந்தும் போலீசைக் கூப்பிடவில்லை என்று எழுதிற்று. அது உலகமெங்கும் பரவிற்று. பிற்பாடு ஆராய்ந்தவர்கள் அது மிகைப்படுத்திய செய்தி என்று கண்டார்கள். 2016-ல் அந்தப் பத்திரிகையே தன் தவறை எழுதிற்று. கண்ணால் கண்டவர் சிலரே. சத்தம் கேட்ட பலர், குடிகாரர் சச்சரவு என்றோ ஆண் பெண் சண்டை என்றோ நினைத்துக் கொண்டார்கள். தெரிந்தும் சும்மா இருந்தவர்களும் உண்டு. ஆனால் அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி, கொலைகாரன் அங்கேயே நிற்கிறானோ என்றும் அறியாமல், படியிறங்கி ஓடி, குற்றுயிராய்க் கிடந்தவளைத் தன் கைகளில் தாங்கிக் கொண்டாள்.

கொலைகாரன் எப்படி அகப்பட்டான் தெரியுமா? ஒரு வாரத்துக்குள் வேறொரு தெருவில், ஒரு வீட்டிலிருந்து டெலிவிஷன் பெட்டியைத் தூக்கிக் கொண்டு போனான் ஒருவன். பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார். "வீடு மாற ஒத்தாசை செய்கிறேன்" என்றான். அவர் இன்னொரு அயலாரைக் கேட்டார். அந்த வீட்டார் வீடு மாறவில்லை என்று தெரிந்தது. போலீஸ் வந்தது. பிடிபட்டவன் அதே கொலைகாரன்! அவனைப் பிடித்துக் கொடுத்தது பூட்டல்ல. அயலார் ஒருவரையொருவர் அறிந்திருந்ததே.

இதன்பின் 1968-ல் இரண்டு அறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒருவர் திடீரென்று நோய் கண்டு தவிக்கும் குரலை மாணவர்கள் கேட்கும்படி செய்தார்கள். தான் ஒருவனே கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் நூற்றுக்கு 85 பேர் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களிலோ 31 பேர்தான். வேறு யாராவது போவார்கள் என்ற எண்ணமே காலைக் கட்டிப் போடுகிறது.

எரிக்கோவுக்குப் போகும் பாதையைச் சேசுநாதர் வர்ணித்தபோது, கள்ளரைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒதுங்கிப் போனவர்களைக் காட்டினார். அவர்களில் முதல் ஆள் ஒரு குரு. அந்த இடத்தை வாசிக்கும் போதெல்லாம் எனக்கு நெஞ்சு உறுத்தும்.

நான் உதவிக் குருவாயிருந்த ஊரில், ஓர் இரவு எதிர்த் தெருவில் ஒரு பெண் அலறினாள். விளக்கைப் போட்டேன். "புருஷன் பெண்சாதி சச்சரவு, நமக்கென்ன" என்று மறுபடி அணைத்து விட்டுப் படுத்தேன். காலைப் பூசைக்கு அவள் முக்காட்டை இழுத்து விட்டுக் கொண்டு வந்தாள், முகம் வீங்கியிருந்தது. "ராத்திரி சுவாமி அறையிலே விளக்கு எரிஞ்சுது" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நான் செய்த பிரசங்கங்கள் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகுமா? தெருவில் வரும் கள்ளனுக்கு நாம் நடுங்குகிறோம். நாலு சுவருக்குள் நடக்கும் குற்றத்தையோ குடும்ப விஷயம் என்று தள்ளி விடுகிறோம்.

இதற்கு நேர்மாறான பாவமும் உண்டு. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டத்தில், கோவிலுக்குப் போகும் வழியில் காரை நிறுத்திய ஒரு குடும்பத்தார், அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். ஊர் திரண்டு அடித்தது. வயதான ஒரு தாய் இறந்து போனாள். அங்கே கதவைத் திறக்காத குற்றம்; இங்கே கம்போடு வெளியே வந்த குற்றம். இரண்டுக்கும் வேர் ஒன்றே: அறியாத மனிதனைப் பற்றிய பயம். நிச்சயம் தெரியாததைப் பரப்புகிறவன் எட்டாம் கற்பனையை மீறுகிறான். அதனால் ஐந்தாம் கற்பனையும் மீறப்படலாம் என்பதை மறவாதிருங்கள்.

ஆகையால் இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் மூன்று காரியம் செய்யக் கேட்டுக் கொள்கிறேன்.

முதலாவது, வலப்பக்கம், இடப்பக்கம், எதிர்ப்பக்கம், இந்த மூன்று வீட்டாரின் பெயரையும் போன் எண்ணையும் அறிந்து கொள்ளுங்கள். அவர்கள் எந்த மதத்தாராயிருந்தாலும் சரி. ஊருக்குப் போகும்போது அவர்களிடம் சொல்லி விட்டுப் போங்கள்.

இரண்டாவது, கூக்குரல் கேட்டால் விளக்கைப் போடுங்கள், குரல் கொடுங்கள், 112-க்குப் போன் செய்யுங்கள். பிறர் செய்திருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். அடிபடும் பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற எண்கள் உண்டு. பிள்ளைகளுக்கும் இவற்றைச் சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாவது, சந்தேகப்பட்டவன் மேல் கை வைக்காதீர்கள், போலீசில் ஒப்படையுங்கள். விசாரியாத செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

தம்பியைக் குறித்து ஆண்டவர் கேட்டபோது, அவனுக்கு நான் காவல்காரனா என்று காயீன் எதிர்த்துக் கேட்டான். ஆம், நாம் காவல்காரர்தான். இன்றிரவு கதவைத் தாளிடுமுன், ஜெபமாலையின் ஒரு பத்து மணியைப் பக்கத்து வீட்டாருக்காக ஒப்புக் கொடுங்கள். நாளைக் காலையில் அவர்கள் கதவைத் தட்டிப் பெயரைக் கேளுங்கள்.

சர்வேசுரன் உங்கள் வீடுகளையும் வீதிகளையும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமி