யாருடைய செலவில் பாதுகாப்பு?

முன்னோர் படைத்த கலைச்செல்வங்களைப் பேணுவது நமது கடமை. இதில் கருத்து வேற்றுமை இல்லை. அக்கடமையை யாருடைய செலவில் நிறைவேற்றுகிறோம் என்பதே கேள்வி. மாணவரைக் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இக்கேள்வியையும் உடன் கொண்டுசெல்வது நல்லது.

சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் மேலைநாட்டு நூதனசாலைகளில் ஒரு விதி வேரூன்றியது. வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் அளவிலும், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 50 அளவிலும், ஆண்டு முழுவதும் அசையாது நிற்கவேண்டுமாம். மக்கள் கூடும் மண்டபத்துக்கும் எவரும் நுழையாத களஞ்சிய அறைக்கும் இதுவே சட்டம். குளிர்நாட்டில் பிறந்த சட்டம் வெப்பநாடுகளுக்கும் இறக்குமதியாயிற்று. குளிரூட்டிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றுக்கு மின்சாரம் தர எங்கோ நிலக்கரி எரிகிறது. காபனீரொட்சைட்டு வானில் சேர்கிறது.

ஆனால் பொருள்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்லவே! காலியில் கிடைத்து இன்று கொழும்பு நூதனசாலையில் நிற்கும் மும்மொழிக் கல்வெட்டில் சீனத்தோடும் பாரசீகத்தோடும் நம் தமிழும் இருக்கிறது. அறுநூறு ஆண்டு கண்ட அக்கல் குளிரூட்டியைக் கேட்கவில்லை. செப்புத் திருமேனிக்குப் பகை ஈரம், வெப்பமன்று. ஏட்டுச்சுவடியோ மிக வறண்டால் நொறுங்கும், ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். இதற்காக மண்டபம் முழுவதையும் குளிரூட்டுவது, ஒரு கோப்பைத் தேநீருக்காகத் தொழிற்சாலைக் கொதிகலனை மூட்டுவதற்கு ஒப்பாகும்.

தேயிலை நாட்டவருக்கு இது விளங்காததா? ஈரம் ஏறினால் தேயிலை கெடும். அதற்காக எவரும் கப்பலின் அடித்தளம் முழுவதையும் உலர்த்தவில்லை. ஈயத்தாளும், பின்னாளில் அலுமினியத்தாளும் உட்புறம் பொதிந்த மரப்பெட்டியில் தூளை அடைத்துக் கடல் கடத்தினார்கள். இறுக மூடிய கண்ணாடிப் பேழைக்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்காவை வைக்கும் இன்றைய பேணுகை அறிஞரும் அதே வேலையைத்தான் செய்கிறார். டென்மார்க்கின் வைலே நகரிலுள்ள நூதனசாலைக் களஞ்சியத்தில் தடித்த சுவரும் தரையின் இயல்பான வெப்பமுமே பெரும்பங்கு காவலைச் செய்கின்றன. அங்கே ஓடுவது ஈரமகற்றும் இயந்திரம் மட்டுமே. பெருநூதனசாலைகளின் தலைவர்கள் கூடும் பீசோ குழுவும், பெரும்பாலான பொருள்களுக்கு ஈரப்பதம் 40 முதல் 60 வரையும் வெப்பம் 16 முதல் 25 பாகை வரையும் இருக்கலாம் என இறங்கிவந்தது. 25 பாகை என்பதும் கொழும்பு வெயிலுக்கு எட்டாத எண்தான்!

கட்டடமும் ஒரு செலவே. சீமெந்துச் சூளையும் கரியை உமிழ்கிறது. அந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலையே நூதனசாலையாயிற்று. கம்பளைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை 2007இல் திறக்கப்பட்டபோது, பழைய லயக் காம்பராக்களே அதற்குப் போதுமானவையாயின.

‘செல்வ நாடுகள் எரித்துத் தீர்த்த பின் நம்மைச் சிக்கனம் செய்யச் சொல்வதா?’ என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான சினம். ஆனால் 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியதே. இயந்திரத்தை மட்டுமே நம்பிய களஞ்சியம் அப்போது எதை நம்பும்? மின்சாரத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்பதும் வட்டகொடைக்காரருக்குத் தெரியும். தலவாக்கலையில் சென்கிளேயர் அருவி மெலிந்தது மேல்கொத்மலைத் திட்டத்துக்காக அன்றோ?

2014 ஒக்தோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. புவிவெப்பம் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்லவரவில்லை. பாதுகாப்பற்ற சரிவில் மக்களைக் குடியிருக்க விட்டவர்கள் பொறுப்பேற்கட்டும். ஆயினும் வானம் சூடேறி அடைமழை கடுமையாகும்போது முதலில் அஞ்சவேண்டியவர்கள் அத்தகைய சரிவுகளில் இன்னமும் உறங்குபவர்களே. அவர்களது வீட்டுக் குத்துவிளக்கோ பாட்டன் கொண்டுவந்த தகரப்பெட்டியோ எந்தக் குளிரறையிலும் இடம் கேட்டதில்லை.