தோற்றாலும் லாபம்

பிட்ஸ்பர்க்கில் 2001-ல் புதிய பேஸ்பால் மைதானம் திறக்கப்பட்டபோது, உள்ளூர் அணியான பைரட்ஸ் தன் ரசிகர்களுக்குச் செங்கல் விற்றது. பணம் கட்டியவர்களின் பெயரோ அவர்கள் விரும்பிய ஒரு வரியோ பொறித்த கல், மைதான வாசலில் பதிக்கப்பட்டது. காலமான தகப்பனுக்காக வாங்கியவர்கள் உண்டு, பிறந்த பேரனுக்காக வாங்கியவர்களும் உண்டு. 2025 ஏப்ரலில் அந்தக் கற்கள் ஒரு மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடக்கும் படங்கள் வெளியாயின. சிதைந்துபோனதால் பெயர்த்தோம் என்றது நிர்வாகம். இருக்கலாம். ஆனால் வாங்கியவர்களில் பலருக்கு அந்தப் படங்களைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது.

அதே மாதம் இன்னொரு விவகாரம். இந்த அணிக்காகப் பதினெட்டு சீசன் ஆடிய ரொபெர்ட்டோ கிளெமென்டே, 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா பூகம்பத்தில் வீடிழந்தவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தார். அவருடைய சட்டை எண் 21. மைதானத்தின் வலப்பக்கச் சுவர் 21 அடி உயரத்தில் நிற்பதே அவர் நினைவாகத்தான். அந்தச் சுவரில் இருந்த 21 என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மதுபான விளம்பரம் வைத்தார்கள். குடும்பத்தார் வருத்தப்பட்ட பிறகு, தவறு நேர்ந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டுப் பழையபடி வைத்தார்கள்.

சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்திலேயே ஒரு சிறிய விமானம் மைதானத்துக்கு மேலே பதாகையை இழுத்துக்கொண்டு பறந்தது: "அணியை விற்றுவிடு, பாப்." கீழே இருக்கைகளிலிருந்தும் அதே கோஷம் எழுந்தது. பாப் என்பவர் பாப் நட்டிங். மேற்கு வர்ஜீனியாவின் செய்தித்தாள் குடும்பம் ஒன்றின் வாரிசு, 2007 முதல் அணியின் பிரதான உரிமையாளர்.

தனி மனிதரின் சொத்தை விற்கச் சொல்லவும், அதில் அவர் போதுமான அளவு செலவழிக்கவில்லை என்று கண்டிக்கவும் ஊருக்கு என்ன உரிமை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உரிமை உண்டு. கண்டிக்காமல் இருப்பதுதான் தவறு. ஓர் அணி தோற்பதில் குற்றமில்லை. முப்பது அணிகள் மோதும் லீகில் ஆண்டுக்கு ஒன்றுதான் பட்டம் வெல்லும், மற்ற இருபத்தொன்பதும் ஏதோ ஒரு நாளில் தோற்று வீடு திரும்பத்தான் வேண்டும். ஆனால் தோற்றாலும் லாபம் வரும்படி கணக்கை அமைத்துக்கொண்டு, ஊராரின் விசுவாசம் எப்படியும் தீராது என்ற தைரியத்தில் கையை இறுக்கி வைத்திருப்பது அறத்துக்குப் புறம்பானது.

இந்த ஊர் பொறுத்துக்கொண்டது கொஞ்ச நஞ்சமல்ல. 1992-ல் தேசிய லீக் பட்டத்துக்கு ஒரு கடைசி அவுட் மட்டுமே மிச்சமிருந்த நிலையில் அணி அட்லாண்டாவிடம் தோற்றது. அந்தக் குளிர்காலத்திலேயே பாரி பாண்ட்ஸ் சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். அடுத்து 1993 முதல் 2012 வரை, தொடர்ந்து இருபது சீசன்களில் வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் இவ்வளவு நீண்ட சரிவு கிடையாது. பட்டம் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்து, வேலைக்குப் போய், தன் பிள்ளைகளையும் அதே மைதானத்துக்கு அழைத்து வந்தது.

2013-ல் விடிந்தது. அக்டோபர் 1 அன்று சின்சினாட்டிக்கு எதிரான நாக் அவுட் ஆட்டத்தில், கறுப்பு உடையில் வந்த கூட்டம் எதிரணி பிட்சர் குவெட்டோவின் பெயரை நீட்டி நீட்டிப் பாடியது. பந்து அவர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. சற்று நேரத்தில் ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடித்தார். இருபதாண்டு ஏக்கம் ஒரே இரவில் குரலாக மாறினால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவே போதும். 2015-ல் அணி 98 ஆட்டங்களை வென்றது, மைதானத்துக்கு ஏறத்தாழ 25 லட்சம் பேர் வந்தார்கள். அணியின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம்.

உரிமையாளர் மனது வைத்திருக்க வேண்டிய தருணம் அதுதான். நடந்ததோ வேறு. 2018 ஜனவரியில் கெரிட் கோல் ஹூஸ்டனுக்கும், ஊரின் செல்லப்பிள்ளையான ஆண்ட்ரூ மக்கட்சன் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கும் அனுப்பப்பட்டார்கள். நட்டிங் அணியை விற்க வேண்டும் என்ற மனுவில் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டு மைதானத்துக்கு வந்தவர்கள் 15 லட்சத்துக்கும் குறைவு. கோல் பிறகு யாங்கீஸ் அணியோடு 32.4 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். 2025 வரை பைரட்ஸ் தன் வரலாற்றில் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் பிரையன் ரெனால்ட்ஸுக்கு எட்டாண்டுகளுக்குத் தந்த 10.675 கோடி டாலர்.

இதில் நெருடுவது பணம் எங்கிருந்து வருகிறது என்பது. அமெரிக்க பேஸ்பாலில் எல்லா அணிகளும் தம் உள்ளூர் வருமானத்தில் ஏறக்குறைய பாதியைப் பொதுத் தொகுப்பில் போட்டுச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் கொடுப்பவர்கள், பிட்ஸ்பர்க் வாங்குபவர். இப்படி வாங்கும் பணத்தை ஆட்டத்தை மேம்படுத்தத்தான் செலவிட வேண்டும் என்று வீரர் சங்கத்துடனான ஒப்பந்தமே சொல்கிறது. 2010-ல் அணியின் கணக்கு ஆவணங்கள் கசிந்தன. 2007-ல் 94 தோல்வி, 2008-ல் 95 தோல்வி. அந்த இரண்டு ஆண்டுகளில் சேர்ந்த லாபம் மூன்று கோடி டாலரை நெருங்கியது. பகிர்வுப் பணம் இளம் வீரர்களைத் தேடவும் வளர்க்கவும் செலவானது என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. 2018-ல் வீரர் சங்கமே, பகிர்வுப் பணத்தை முறையாகச் செலவிடவில்லை என்று நான்கு அணிகள் மீது முறையீடு செய்தது. அவற்றில் பைரட்ஸும் ஒன்று.

பால் ஸ்கீன்ஸின் கதை இந்தச் சிக்கனத்தைப் பச்சையாகக் காட்டிவிடுகிறது. 2025-ல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.97 ரன் மட்டுமே கொடுத்தார். தேசிய லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒரு வாக்குகூடச் சிதறாமல் அவருக்குப் போனது. அவர் கணக்கில் ஏறிய வெற்றி பத்து, தோல்வியும் பத்து. எதிரணிக்கு அவர் ஒரு ரன் கொடுத்தால், தன் அணி அந்த ஒன்றைக்கூட எடுக்காத மாலைகள் இருந்தன. அந்த ஆண்டு அவருக்குச் சம்பளம் 8.75 லட்சம் டாலர். இளம் வீரரை முதல் சில ஆண்டுகள் மலிவாக வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அப்படி மிச்சமான பணத்தில் அவருக்குத் துணையாக நாலு பேட்டர்களை அமர்த்துவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

பிடிக்காவிட்டால் வேறு அணியைப் பாருங்கள் என்பது உரிமையாளர் பக்கத்து வாதம். கடை மாற்றுவது போல இதைச் செய்ய முடியாது. 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கிடையேயான வணிகம் ஆகாது என்ற விசித்திரமான தீர்ப்பைத் தந்து, ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்களித்தது. (வக்கீல்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படித்துச் சிரிக்கிறார்கள், ஆனால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.) லீகின் அனுமதியில்லாமல் பிட்ஸ்பர்க்கில் இன்னொரு பெரிய அணி முளைக்க முடியாது. மைதானமோ நகரமும் மாவட்டமும் சேர்ந்து நடத்தும் பொது அமைப்புக்குச் சொந்தம். விற்பனை வரியை உயர்த்தி மைதானங்கள் கட்டலாமா என்று 1997-ல் பதினொரு மாவட்ட மக்களிடம் கேட்டபோது, பதினொன்றிலும் முடியாது என்று வாக்களித்தார்கள். அப்புறமும் வேறு வழியில் பொதுப்பணம் திரட்டிக் கட்டினார்கள். வேண்டாம் என்று சொன்னவர்கள் காசிலும் எழும்பிய கட்டடத்தில், போட்டியே இல்லாத உரிமத்தோடு, மற்ற நகரங்கள் ஈட்டிய பணத்திலும் பங்கு வாங்கி நடக்கும் தொழில் இது. இதைத் தனிச்சொத்து என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியுமா?

இந்த இடத்தில் வள்ளுவரைத் தேடிப் போக வேண்டியதில்லை, அவரே எதிரே வந்து நிற்கிறார். 'நன்றியில் செல்வம்' என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியவர் அவர். எவருக்கும் பயன்படாதவனிடம் சேர்ந்த செல்வத்தை, ஊரின் நடுவே விஷ மரம் ஒன்று பழுத்துக் குலுங்குவதோடு அங்கே ஒப்பிடுகிறார். அல்லகெனி ஆற்றங்கரையில், நகரின் கண்ணுக்கு நேரே நிற்கும் அந்த அழகிய மைதானத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆள்பவனின் குற்றங்களைப் பட்டியலிடும்போதும், செலவிட வேண்டிய இடத்தில் செலவிடாத கஞ்சத்தனத்தை மற்றக் குற்றங்களோடு சேர்த்து எண்ணவே கூடாத அளவுக்குப் பெரிதாக வைக்கிறார். பொருளை ஈட்டுவதும் காப்பதும் மட்டும் அரசனின் திறமை ஆகிவிடாது, முறையாக வகுத்துச் செலவிடவும் தெரிய வேண்டும் என்பது 'இறைமாட்சி' அதிகாரம் சொல்லும் பாடம்.

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் புறநானூற்றில் பிசிராந்தையார் சொன்ன அறிவுரையும் இதற்கே சொன்னது போலிருக்கிறது. சிறு நிலத்தின் நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும், யானையே வயலில் புகுந்தால் அது தின்பதைவிட மிதித்து அழிப்பதே அதிகம். 25 லட்சம் பேர் வந்த வாசலில் மூன்றே ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் குறைந்தது அப்படி மிதிபட்ட வயல்தான்.

ஏதென்ஸ் நகரத்தில் பணக்காரர்கள் நாடகக் குழுவுக்கும் போர்க்கப்பலுக்கும் தம் கைக்காசைச் செலவிட வேண்டும் என்பது முறையாகவே இருந்தது. பொதுக்காரியத்துக்குப் பெரிதாகச் செலவிடுவதைச் சாதாரண ஈகையிலிருந்து பிரித்துத் தனி நற்பண்பாக வைத்தார் அரிஸ்டாட்டில். அதற்கு எதிரிடையான சிறுமைக்காரன் எவ்வளவுதான் செலவழித்தாலும் கடைசியில் ஓர் அற்பத் தொகையை மிச்சம் பிடிக்கப் பார்த்து முழுக் காரியத்தின் அழகையும் கெடுத்துவிடுவான் என்றும் எழுதினார். செங்கல்லும் 21-ஆம் எண் சுவரும் அவர் காலத்தில் இல்லை, அவ்வளவுதான். பிட்ஸ்பர்க்குக்குச் சொந்தமான சாட்சியும் உண்டு. அந்த ஊரின் எஃகில் பணக்காரரான ஆண்ட்ரூ கார்னகி 1889-ல் எழுதிய கட்டுரையில், செல்வந்தன் தன்னிடம் மிஞ்சியதைச் சமூகத்துக்காக வைத்திருக்கும் அறங்காவலன் மட்டுமே என்றார். ஹோம்ஸ்டெட் ஆலைத் தொழிலாளர்கள் 1892-ல் அவர் நிறுவனத்திடம் பட்ட பாட்டை வைத்துப் பார்த்தால், சொன்னபடி நடந்தவர் என்று அவருக்கு நற்சான்றிதழ் தர முடியாது. ஆனாலும் அவர் சொன்னது சரிதான்.

மறுபக்கத்துக்கும் நியாயம் இல்லாமலில்லை. பணத்தைக் கொட்டினால் வெற்றி நிச்சயம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2023-ல் மற்ற எல்லா அணிகளையும்விட அதிகச் சம்பளம் கொடுத்த நியூயார்க் மெட்ஸ் 75 ஆட்டங்களைத்தான் வென்றது. பிட்ஸ்பர்க் சிறிய சந்தை என்பதும் உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய சந்தையல்லாத மில்வாக்கி 2025-ல் 97 ஆட்டங்களை வென்று லீகிலேயே முதலிடம் பிடித்தது. ஆக, சிறிய ஊர் என்ற சாக்கு நெடுந்தூரம் வராது.

உரிமையாளர் எப்படி இருக்கலாம் என்பதற்கும் எப்படி இருக்கக் கூடாது என்பதற்கும் ஓக்லாந்து ஒன்றே போதுமான எடுத்துக்காட்டு. லீவைஸ் ஜீன்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த வால்டர் ஹாஸ் 1980-ல் ஏ'ஸ் அணியை வாங்கினார். ஊர்ப்பள்ளிகளோடு உறவு வளர்த்தார், தாராளமாகச் சம்பளம் கொடுத்தார். அணி 1988 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போய், 1989-ல் வென்றது. 1995-ல், அணி ஊரை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகக் குறைந்த விலைக்கே உள்ளூர்க்காரர்களுக்கு விற்றார். பின்னாளில் அது கேப் துணிக்கடை நிறுவனர்களின் மகன் ஜான் ஃபிஷர் கைக்கு வந்தது. 2022-ல் நல்ல வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டார்கள். 2023-ல் 112 தோல்வி. கூட்டம் வருவதில்லை என்பதே ஊரை விட்டுப் போகக் காரணமாகக் காட்டப்பட்டது.

அதற்கு ரசிகர்கள் கொடுத்த பதில் புதுமையானது. 2023 ஜூன் 13 அன்று, வராமல் இருந்து எதிர்ப்பதற்குப் பதிலாக, சொல்லி வைத்து வந்து நிறைந்தார்கள். 27,759 பேர். பச்சைச் சட்டையில் 'விற்றுவிடு' என்ற ஒரே சொல். அன்று அணியும் வென்றது. இரண்டு நாள் கழித்து நெவாடா ஆளுநர், லாஸ் வேகஸில் புதிய மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். நவம்பரில் மற்ற உரிமையாளர்கள் ஒருவர்கூட மறுக்காமல் இடமாற்றத்துக்குக் கை தூக்கினார்கள். 2024 செப்டம்பர் 26-ன் கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்தார்கள். ஊர் வரவில்லை என்று சொன்ன வாய்கள் அன்று என்ன சொல்லியிருக்கும்?

அதனால் கோஷம் போடும் பிட்ஸ்பர்க் ரசிகரிடம், ஆட்டத்தை ஆட்டமாகப் பார், அடக்கமாக இரு என்று உபதேசிப்பது நீதியாகாது. வீரரைத் திட்டுவதும், அவர் மேல் புட்டி எறிவதும், ஆட்டக்காரரின் குடும்பத்தை வம்புக்கு இழுப்பதும் இழிவு. அதைச் செய்பவரை வெளியேற்றத்தான் வேண்டும். ஆனால் காசு கொடுத்து உள்ளே வந்தவர், கணக்கைக் காட்டு என்று உரிமையாளரைப் பெயர் சொல்லிக் கேட்பது ஊர்க்கடமை. அதிகாரத்தில் இருப்பவனை இடித்துச் சொல்ல ஆளில்லாமல் போனால் அவன் தானே கெடுவான் என்று வள்ளுவர் எச்சரித்தது அரசவைக்கு மட்டும் இல்லை.

கோஷத்தோடு நின்றுவிடவும் கூடாது. வட அமெரிக்காவின் மற்ற மூன்று பெரிய விளையாட்டுகளான அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, ஹாக்கி லீக்குகளில் ஓர் அணி வீரர்களுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு செலவிட வேண்டும் என்று வரம்பு இருக்கிறது. பேஸ்பாலில் இல்லை. வீரர் சங்கத்துடனான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. உரிமையாளர்கள் சம்பளத்துக்கு மேல்வரம்பு கேட்கிறார்கள், வீரர்கள் அதை ஏற்க மறுக்கிறார்கள். கீழ்வரம்பும், பகிர்வுப் பணத்துக்கு ஆண்டுதோறும் பகிரங்கக் கணக்கும் வேண்டும் என்று சொல்ல அந்த மேசையில் ரசிகருக்கு நாற்காலி கிடையாது. மைதானத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் நகரத்துக்கும் மாவட்டத்துக்கும் அடுத்த குத்தகைப் பேச்சில் நாற்காலி உண்டு. ஸ்கீன்ஸ் 2029 சீசன் முடிந்ததும் எந்த அணிக்கும் போகலாம். அதற்குள் அந்த நாற்காலியில் இருப்பவர்கள் என்ன நிபந்தனை வைக்கப் போகிறார்கள் என்று பிட்ஸ்பர்க் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும்.