விடை வராமை விடையாகுமா?

'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்னும் வழக்கு நம் இல்லங்களில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. பெண் பார்க்கும் கூடத்திலும், பாகப் பிரிவினைப் பேச்சிலும் இதனைத் துணையாகக் கொண்டு முடிவு செய்தோர் பலர். வகுப்பறையிலோ இதே மௌனம் அறியாமைக்கு அறிகுறியாகிவிடுகிறது. வாய் திறவாதவர் சார்பில் நாமே ஒரு விடையை எழுதிக்கொள்வது முறையா? இவ்வினாவை அறநூலார் மட்டுமன்றிக் கணிதவியலாரும் எதிர்கொண்டுள்ளனர். கணிப்பொறியின் செயலை ஆராய எழுந்த 'டொமைன் தியரி' என்னும் கணிதத் துறை, விடை வராத நிலைக்கு உரிய இடம் யாது என்பதைத் தன் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்டது.

எளிய எடுத்துக்காட்டொன்று காண்போம். 6 என்னும் எண்ணை மீதியின்றி வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. இவற்றைக் கூட்டினால் மீண்டும் 6. அவ்வாறே 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினால் 28. இவற்றை நிறைவெண்கள் என்பர். ஒற்றைப்படை எண்களுள் நிறைவெண் உண்டா? 'ஒவ்வொன்றாகச் சோதித்துச் செல். கண்டால் உண்டு எனச் சொல்' என்று கணிப்பொறியைப் பணிக்கிறோம். இதுநாள்வரை அத்தகைய எண்ணை எவரும் கண்டிலர். இல்லையென்று நிறுவியவரும் இலர். ஆகவே பொறி பேசாதிருக்கும். அப்பேசாமை 'இல்லை' ஆகுமா? நாளையே அது பேசக்கூடும். என்றுமே பேசாதிருக்கவும் கூடும். எந்த வேலை முடியும், எது முடியாது என்பதை எல்லா இடத்தும் அறிந்து கூறவல்ல பொதுமுறை எதுவும் இருக்க இயலாது என 1936-இல் ஆலன் டூரிங் நிறுவினார்.

1969-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சியுடன் பணியாற்றிய டேனா ஸ்காட், விடையின்மைக்கென்றே ஓர் இடம் வகுத்தார். 'ஆம்', 'இல்லை' என்னும் இரண்டும் மேலே. ஒன்றுக்கொன்று உயர்வு தாழ்வு இல்லை. அவ்விரண்டிற்கும் கீழே, தலைகீழாக நிறுத்திய ஆங்கில 'டீ' எழுத்தைப் போன்ற குறியால் காட்டப்படும் மூன்றாவது நிலை. அதன் பெயர் 'பாட்டம்', அதாவது அடி. மதிப்பில் தாழ்ந்தது என்பது கருத்தன்று. இன்னும் செய்தி ஏதும் வந்திலது என்பதே கருத்து.

இவ்வமைப்பிற்கு ஒரு விதி உண்டு. உள்ளே வரும் செய்தி வளர்ந்தால் வெளியே வரும் விடையும் வளரலாம். முன்னர்ச் சொன்னதை மாற்றலாகாது. இனி நம் பழமொழியை இவ்விதியின்முன் நிறுத்துவோம். மௌனத்தைக் கண்டு 'ஆம்' என அறிவித்துவிட்டோம். பின்னர் அப்பெண் வாய் திறந்து 'இல்லை' என்கிறாள். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றாலன்றி அவளுக்குச் செவி சாய்த்தவராக மாட்டோம். ஆயின் மௌனத்திற்கு 'ஆம்' என விடை தரும் பொறி அறவே இல்லையா? ஒரே வகைப் பொறி உண்டு. எது வரினும் 'ஆம்' என்றே கூறும் பொறி அது. கேளாமலே முடிவு செய்து வைத்திருப்பது. இந்த ஒரு முடிவிற்காகவே இக்கணிதம் நம் இல்லங்களில் அறியப்பட வேண்டும் என்பது நம் எண்ணம்.

எத்தனை நாள் காத்திருப்பது என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. ஒரு நாள் காத்திருந்து 'ஒரு நாளில் விடை வரவில்லை' என்று சொல்வது மெய். அதனைச் 'சம்மதம்' எனப் பெயர் மாற்றி எழுதுவதே பிழை.

அடுத்த செய்தி சற்று நுட்பமானது. இருவருள் எவரேனும் ஒருவர் 'ஆம்' என்றால் போதும் என்ற நிலையில், ஒருவன் முதல் வாசலில் நின்று கேட்கிறான். அங்கு விடை வரவேயில்லை. இரண்டாம் வாசலில் 'ஆம்' ஆயத்தமாக இருந்தும் அவன் அறியான். ஒன்றன்பின் ஒன்றாகவே செயற்படும் கணிப்பின் இயல்பு இதுவே. இரு வாசலிலும் மாறி மாறி நிற்கலாமே எனில், அதற்கு இடந்தரும் மொழிகள் உண்டு. ஆராய்ச்சிக்கென அமைந்த பிசிஎஃப் என்னும் சிறுமொழியில் அதற்கு இடமில்லை. ஆனால் ஸ்காட்டின் கணித உலகில், இருவரையும் ஒருங்கே கேட்கும் சார்பு ஒன்று இயல்பாகவே இருக்கிறது. இதன் விளைவை 1977-இல் எடின்பரோவைச் சேர்ந்த கார்டன் பிளாட்கின் எடுத்துக்காட்டினார். அம்மொழியில் எழுதத்தக்க எச்சோதனையாலும் வேறுபடுத்த இயலாத இரு நிரல்களைக் கணிதம் வெவ்வேறு என்கிறது. ஒருங்கே கேட்பவன் ஒருவன் வந்தால் மட்டுமே அவ்வேறுபாடு வெளிப்படும்.

சியாத்வாதம் பயின்ற நம் வாசகர் இங்கு 'அவக்தவ்யம்' என்பதை நினைவு கூர்வர். உண்டு, இல்லை என்பவற்றை முறையே கூறுதல் ஒரு பங்கம். ஒருங்கே கூறப் புகின் சொல்லுக்கு எட்டாது என்பது மற்றொன்று. ஒன்றன்பின் ஒன்று, ஒருங்கே என்னும் வேறுபாட்டை இரு மரபும் கண்டுள்ளன. எனினும் அவக்தவ்யம் அறிந்து கூறும் கூற்று. 'பாட்டம்' கூற்றே அன்று. எல்லாம் நம்மிடம் முன்னரே இருந்தன எனப் பெருமை பேசுவதில் நமக்கு விருப்பமில்லை.

எவர் கேட்டும் வெளிப்படாத வேறுபாடு, வேறுபாடு ஆகுமா? எல்லாத் தேர்விலும் ஒரே மதிப்பெண் பெறும் இரு மாணவரைச் சமம் என்று எழுதிவைப்பது ஆசிரியப் பணியின் வழக்கம். கணிதவியலார்முன் இரு வழிகள் இருந்தன. ஒருங்கே கேட்கும் ஆற்றலை மொழிக்கு அளித்தால் ஸ்காட்டின் உலகம் அதற்குச் சரியாகப் பொருந்தும் என்பதைப் பிளாட்கினே காட்டினார். மறுவழி, மொழியை விட்டுவிட்டுக் கணித உலகைச் சுருக்குவது. பிசிஎஃப் மொழிக்கு முற்றிலும் பொருந்தும் உலகம் ஒன்று உண்டு என ராபின் மில்னர் அதே 1977-இல் நிறுவினார். வினவுவோனும் விடையளிப்போனும் ஆடும் ஆட்டமாகக் கணிப்பைக் கண்டு, 1990-களில் சிலர் அதனை விளக்கினர். நம் மனம் முதல் வழியையே நாடுகிறது. கேட்பவனின் குறைக்காகக் கேட்கப்படுபவரின் வேறுபாட்டை அழிப்பானேன்?

சுருக்கும் வழியும் எளிதாக முடியவில்லை. ஆம், இல்லை, பாட்டம் என்னும் மூன்றை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட மிகச் சிறிய பிசிஎஃப்-இல் கூட, இரு நிரல்கள் எல்லாச் சோதனைக்கும் ஒன்றாகவே நிற்குமா என்பதை எல்லா இடத்தும் தீர்மானிக்கவல்ல முறை எதுவும் இருக்க இயலாதென ரால்ஃப் லோடர் நிறுவினார். அவரது கட்டுரை 2001-இல் அச்சாயிற்று.