கொதிக்கும் உடம்புக்கு ஏன் குளிர்கிறது?

கம்பளிக்குள் சுருண்டு, பற்கள் கிடுகிடுக்க நடுங்குபவரின் நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது. தெர்மாமீட்டர் 102 டிகிரி காட்டுகிறது. அவரோ குளிருகிறது என்கிறார். அவர் சொல்வது முற்றிலும் உண்மை.

மூளையின் அடியில் ஹைப்போதாலமஸ் என்றொரு சிறு பகுதி, ஏறத்தாழ 4 கிராம் எடைதான். உடல் எவ்வளவு சூடாக இருக்கவேண்டும் என்று தீர்மானிப்பது அது. கிருமி நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் தூது விடுகின்றன. அதன் விளைவாக மூளையில் ஊறும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள், அந்தத் தீர்மானத்தை மாற்றிவிடுகிறது. நேற்றுவரை 98.6 போதும் என்றிருந்த மூளை இப்போது 102க்கும் மேலே வேண்டும் என்கிறது. அதை எட்டும்வரை உடம்புக்குக் குளிர்காலம்தான். தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன. பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்ததும் மூளை பழைய அளவுக்கே இறங்கிவருகிறது. அந்த நொடியில் அதே 102 மிகையாகிவிட, வியர்த்துக் கொட்டுகிறது. வேர்த்துவிட்டது, இனிப் பயமில்லை என்று பாட்டிகள் சொல்வது எத்தனை துல்லியமான கணிப்பு!

ஆக, காய்ச்சல் என்பது சமநிலையின் குலைவு அல்ல. மூளை தேர்ந்துகொண்ட வேறொரு சமநிலை. 1926இல் இந்த ஒழுங்குக்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயரிட்ட அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனனும் அது அசைவற்ற நிலை அல்ல என்று எச்சரித்தார்.

   

இந்த வேறுபாடு உயிர்காக்கும் விஷயமும்கூட. கத்திரி வெயிலில் தார்ச்சாலை போடுகிறவர் மயங்கி விழுகிறார், உடற்சூடு 104. காய்ச்சலிலும் 104 வரக்கூடும். எண் ஒன்று, நிலைமை நேரெதிர். காய்ச்சலில் மூளை கேட்ட சூட்டை உடல் கொடுக்கிறது. வெயில் தாக்கத்தில் மூளை இறங்கு இறங்கு என்கிறது, உடலால் இறங்க முடியவில்லை. மூளையின் தீர்மானம் மாறாத இடத்தில் பாராசிட்டமாலுக்கு வேலையே இல்லை. அவரை நிழலுக்குத் தூக்கி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூளை கேட்டும் உடலால் செய்ய முடியாததை, பக்கத்தில் இருப்பவர்கள்தான் செய்தாகவேண்டும்.