குணத்தின் அளவுகோலும் மனிதனின் பொறுப்பும்

'அவன் சுபாவம் அப்படி' என்று கூறி ஒருவரை நாம் மன்னிப்பதுமுண்டு. அதே சொற்களால் அவரை ஒதுக்கிவிடுவதுமுண்டு. இச்சுபாவத்தை அளப்பதற்கு நவீன உளவியல் முற்பட்டுள்ளது. அளக்கப்பட்ட குணம் மனிதனின் பொறுப்பைக் குறைக்கின்றதா என்பதே ஈண்டு எழும் வினா.

1936 இல் கோர்டன் அல்போட், ஒட்பேட் ஆகிய இருவரும் ஆங்கில அகராதியொன்றை ஆராய்ந்து, மனிதரை வேறுபடுத்திக் காட்டும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினர். அத்தகைய சொற்களைக் காரணிப் பகுப்பாய்வின் மூலம் சுருக்க முனைந்த றேமன்ட் கற்றெல் 16 காரணிகளை வகுத்தார். ஹான்ஸ் ஐசென்க் 1947 இல் அகமுகம் - புறமுகம், உணர்ச்சித் தளம்பல் - உறுதி என்னும் இரு பரிமாணங்களை முதன்மைப்படுத்தினார். 1980களின் பின்னர், புறமுகத்தன்மை, இணக்கம், கடமையுணர்வு, உணர்ச்சித் தளம்பல், புதுமைக்குத் திறந்த மனம் என்ற ஐம்பரிமாணக் கொள்கையே பெரிதும் ஏற்கப்பட்டது. இவை மனிதரை அடைத்துவைக்கும் பெட்டிகளல்ல, அளவுகோல்களே. பெரும்பாலானோர் அவற்றின் இடைப்பகுதியிலேயே நிற்பர்.

இப்பரிமாணங்களில் மனிதரிடையே காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி பரம்பரையோடு தொடர்புடையதென இரட்டையர் பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. அவ்வாறாயின் நம் செயலுக்கு நாம் பொறுப்பல்லவே எனச் சிலர் வாதிடலாம். இவ்வாதம் தவறானது. மேற்கூறிய அளவு ஒரு மக்கட்டொகுதியினுள் காணப்படும் வேறுபாட்டைப் பற்றியதேயன்றி, தனியொருவரின் செயலிற் பாதியைப் பற்றியதன்று.

மேலும், 1928 இல் ஹாட்ஷோன், மே ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, ஒரு சூழலில் ஏமாற்றிய சிறுவர் மற்றொரு சூழலில் நேர்மையாக நடந்ததைக் காட்டிற்று. 1968 இல் வோல்டர் மிஷெல் இக்கருத்தை விரிவுபடுத்தினார். பல நாட்களின் நடத்தையை ஒருங்கே நோக்கும்போது குணம் நிலையானதாகத் தோன்றுகின்றது என்பது உண்மையே. ஆனால் பல நாட்களின் சராசரி, இன்றைய ஒரு செயலைத் தீர்மானிப்பதில்லை. அறமோ அந்த ஒரு செயலையே வினவுகின்றது.

குணம் வேறு, அறம் வேறு என்பதையும் மறத்தலாகாது. கடமையுணர்வு மிக்க உத்தியோகத்தர் அநீதியான கட்டளையையும் பிழையின்றி நிறைவேற்றக்கூடும். கூச்சமுள்ள ஒருவர் நடுங்கியவாறே எழுந்து அதை மறுக்கவுங்கூடும்.

விடுதியில் என்னோடு தங்கியிருந்த நண்பரொருவரைக் 'கஞ்சன்' என நானும் பிறரோடு சேர்ந்து பலகாலம் பரிகசித்தேன். தமக்குக் கிடைத்த உதவிப்பணத்தில் மிச்சம்பிடித்துத் தங்கையின் படிப்புக்கு அவர் அனுப்பிவந்தமை பின்னரே எனக்குத் தெரியவந்தது. நான் கண்ட நடத்தை உண்மை. அதற்கு நான் சூட்டிய பெயரே பொய்.

ஆகவே, அளவுகோல் நாம் எங்கிருந்து புறப்படுகின்றோம் என்பதைக் கூறலாம். எத்திசையிற் செல்வது என்பதை நாமே தெரிகின்றோம். 'என் சுபாவம் அப்படி' என்பது விளக்கமாகலாம். ஒருபோதும் விடுதலைப் பத்திரமாகாது. 'அவன் சுபாவம் அப்படி' என்பதும் தீர்ப்பாகாது.