அடையாற்றங்கரையிலிருந்து ஒரு கணித விண்ணப்பம்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு அடையாற்றில் சேர்ந்தது. அந்த ஆறு பம்மலை அடுத்த அனகாபுத்தூர் வழியாகத்தான் ஓடுகிறது. ஏரியில் திறந்த நீர் அனகாபுத்தூருக்கு எப்போது வந்து சேரும், வரும்போது எவ்வளவு உயரம் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா? முடியும். அதற்கான சமன்பாடுகளை பிரெஞ்சு அறிஞர் சான் வெனான் 1871-லேயே எழுதிவைத்துவிட்டார். அந்தச் சமன்பாடுகளிலிருந்து நம்பத்தக்க ஒரு விடையை எடுப்பது பயன்பாட்டுக் கணிதத்தின் வேலை.

பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரத்தில் பி.எஸ்சி. கணிதம் முடிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லப்படும் வழிகள் பெரும்பாலும் மூன்று: பி.எட்., வங்கித் தேர்வு, ஐ.டி. கம்பெனி. மூன்றும் நல்ல வழிகளே. நாலாவதாக இப்படியொரு மேற்படிப்பு உண்டு, அதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை என்பது தெரியாமலே பலருக்கு மூன்றாம் ஆண்டு முடிந்துவிடுகிறது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பயன்பாட்டுக் கணிதம் என்றால் நிரூபணம் எழுதுவதிலிருந்து தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அடையாற்றையே எடுத்துக்கொள்வோம். ஆற்றைக் கணினியில் ஏற்ற அதைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும்; 90 மீட்டருக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தையும் அப்படியே சிறு படிகளாக்க வேண்டும். நீர் 5 மீட்டர் ஆழத்தில், விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆழத்தை ஈர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 7 வரும். நின்ற நீரில் அலை பரவும் வேகம் அதுதான். ஓட்டத்தின் வேகத்தையும் கூட்டினால், அலை விநாடிக்கு 9 மீட்டர் கீழ்நோக்கிப் போகிறது. ஒரு துண்டைக் கடக்க அதற்கு 10 விநாடி ஆகும். வழக்கமான எளிய கணக்கீட்டு முறையில் உங்கள் நேரப்படி அந்த 10 விநாடியைத் தாண்டினால், நீர்மட்டம் தாறுமாறாக ஏறி இறங்கிக் கடைசியில் அர்த்தமில்லாத எண்களாகிவிடும். நிரலில் ஒரு பிழையும் இருக்காது; விடை மட்டும் பொய்யாக இருக்கும்.

இந்த வரம்பை 1928-ல் கூரண்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி என்ற மூவர் நிரூபித்தார்கள். நடைமுறையில் கணினி என்று ஒன்று இல்லாத காலம் அது. ரியல் அனாலிசிஸும் லீனியர் அல்ஜீப்ராவும் கைவசம் இல்லாதவருக்கு இந்த நிரூபணம் புரியாது. ஆகவேதான், விண்ணப்பத்தைப் பார்ப்பவர்கள் அந்த இரண்டு தாள்களிலும் உங்கள் மதிப்பெண்ணை முதலில் தேடுகிறார்கள். மற்ற பாடங்களில் கொஞ்சம் சறுக்கியிருந்தாலும் பரவாயில்லை.

கூரண்ட் பெயரைத் தாங்கிய நியூயார்க் பல்கலைக்கழகக் கணிதக் கழகத்துக்கு 1963-ல் போய்ச் சேர்ந்த ஒருவர் நம் பக்கத்துக்காரர்தான். எஸ்.ஆர்.எஸ். வரதன் தாம்பரத்தில் இன்டர்மீடியட் படித்தார், மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் முடித்தார், கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றார். மிக அரிதாக நடக்கும் நிகழ்ச்சிகளின் நிகழ்தகவை அளக்கும் கோட்பாட்டுக்காக 2007-ல் அவருக்கு ஆபெல் பரிசு கிடைத்தது.

இங்கேயே படிக்க வேண்டுமானால் கதவுகள் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றின் பெயர்ப்பலகையில் ‘பயன்பாட்டுக் கணிதம்’ என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் எம்.எஸ்சி. கணிதம் இருக்கிறது, அதற்கு ஜாம் (JAM) என்ற பொது நுழைவுத் தேர்வு. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகம், சி.எஸ். சேஷாத்ரி 1989-ல் தொடங்கியது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் நிறுவனம் இருக்கிறது. ஆய்வுக்கென்றால் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். இந்தத் துறைக்கென்றே அமைந்த இடம் வேண்டுவோருக்கு, பெங்களூரில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பயன்பாட்டுக் கணித மையம். அதன் நுழைவுத் தேர்வு வழக்கமாக டிசம்பரில் வரும்.

ஜாம் மூன்று மணி நேரத் தேர்வு: 60 கேள்விகள், 100 மதிப்பெண். விண்ணப்பம் பொதுவாக செப்டம்பரில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். கேட்பது கணிதம், அதில் வரும் ஆங்கிலச் சொற்கள் சில நூறுதான், பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்க்கும்போதே பழகிவிடும். எம்.எஸ்சி.க்குப் பிறகு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையுடன் ஆய்வு செய்யலாம்.

வெளிநாடு என்றதும் வீட்டில் கல்விக்கடன் பேச்சுதான் முதலில் எழும். அமெரிக்காவில் எம்.எஸ். படிப்புக்கு அந்தப் பயம் நியாயமானது. பிஎச்.டி. வேறு. அங்கே கணிதத் துறைகள் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் வேலைக்குச் சம்பளமும் தருகின்றன. கடைசித் தேதிகள் டிசம்பரையும் ஜனவரியையும் ஒட்டி இருக்கும். மூன்று ஆண்டு பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் போதாது என்று சொல்லும் என்பதால், இங்கே எம்.எஸ்சி. முடித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணமே இல்லை. ஆனால் ஓராண்டுச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுன்ட்) போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டிய தொகை.

இனி, எஸ்.ஓ.பி. என்று எல்லோரும் சொல்லும் நோக்க அறிக்கை. சிறு வயது முதலே கணிதத்தில் ஆர்வம், ராமானுஜன் எனக்கு முன்மாதிரி என்று தொடங்கும் அறிக்கைகள் மலைமலையாக வந்து குவிகின்றன. அவற்றைப் படிப்பவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியவராது. அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, நீங்கள் எந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்பதைத்தான். பம்மல் பிள்ளைக்குக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. ஆற்றுப்படுகையின் சொரசொரப்புக்கு என்ன எண் போடுவது, அந்த எண் கொஞ்சம் மாறினால் நீர்மட்டம் எவ்வளவு மாறும்? இந்த வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியம் நிலத்தடி நீரோடு எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது? இவற்றில் ஒன்றை எடுத்து, மிக எளிய வடிவில் ஒரு சமன்பாடு எழுதி, பைதானில் போட்டுப் பாருங்கள். விடை எங்கே கெட்டுப்போனது, ஏன் கெட்டுப்போனது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பரிசு வாங்கிய பட்டியலை விட அந்த ஒரு பக்கத்துக்கு எடை அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். பாடத்தில் இடைவெளி தெரிந்தால் என்.பி.டி.இ.எல். காணொளிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கோடை விடுமுறையில் பேராசிரியர் குமரேசன் 1993-ல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். பயிற்சிக்கும் விண்ணப்பிக்கலாம், நிரூபணம் எழுதக் கற்றுக்கொள்ள அது நல்ல இடம்.

கடைசியாகப் பரிந்துரைக் கடிதங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்று கேட்கும். நம் கல்லூரிகளிலிருந்து போகும் நல்ல மாணவர்கள் பலர் இங்கேதான் தோற்கிறார்கள். ‘ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வகுப்புக்குத் தவறாமல் வருவார்’ என்று எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு யாரும் இடம் தர முடியாது. மாணவர்கள் ஜூலையிலேயே ஆசிரியரிடம் போய், தாம் செய்த கணக்கைக் காட்டிப் பேசிவிட வேண்டும். கடைசி வாரத்தில் போய் நின்றால் அவரும்தான் என்ன செய்வார்? ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: அந்தப் பிள்ளை எந்தத் தேற்றத்தில் என்ன கேள்வி கேட்டது, அதற்கு விடை தேடி என்ன செய்தது என்று நாலு வரி எழுதுங்கள்.