எப்படியும் போகிற கப்பல்

சேலத்தில் வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பிக்கும் மார்ச் மாதம்தான், அன்டார்டிகாவில் கப்பல் சீஸன் முடிகிற மாதம். நவம்பரில் தொடங்கி 5 மாதம் ஓடும். கடைசிப் பயணங்களில் பெங்குவின் குஞ்சுகள் வளர்ந்து கடலுக்குக் கிளம்பியிருக்கும். திமிங்கிலங்கள் நிறையத் தென்படும். டிக்கெட்டும் பெரும்பாலும் மலிவு.

அந்தக் கடைசிக் கப்பலுக்குத்தான் திட்டம் போடுகிறார் சேலத்து நண்பர் ஒருவர்.

‘‘பனி உருகுதுன்னு கவலைப்படுவீங்களே... கப்பல் புகை அதுக்கு நல்லதா?’’ என்றேன்.

‘‘நான் போகலைன்னாலும் கப்பல் போகத்தானுங்க போகுது. காலி சீட்டுல நான் உக்கார்றதால என்னங்க கூடிடும்?’’

நியாயமாகத்தான் படுகிறது. ஏற்காடு பஸ்ஸையே பாருங்களேன். நாம் ஏறாவிட்டாலும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி அது மேலே போகும். ஆனால், மாசக்கணக்கில் காலியாகவே ஓடினால் அந்த டிரிப்பை நிறுத்திவிடுவார்கள். நிரம்பி வழிந்தால் இன்னொரு பஸ் விடுவார்கள். கப்பலும் அப்படித்தான். இந்த வருஷம் தள்ளுபடியில் நிரம்பும் சீட்டுகளை எண்ணித்தான் அடுத்த வருஷக் கப்பல் புறப்படும்.

அன்டார்டிகாவில் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையிறங்கக் கூடாது. ‘நான் ஒருத்தன்தானே’ என்று ஒவ்வொருவரும் சொல்கிற உலகத்துக்கு இப்படி ஒரு கணக்கு தேவைப்படுகிறது.

அப்படியானால் போகவே கூடாதா? ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால், ‘எப்படியும் போகிற கப்பல்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அது உங்களுக்காகவும்தான் போகிறது. அதை ஒப்புக்கொண்ட பிறகும் போகத் தோன்றுகிறதா? அதுதான் கேள்வி.